என் பின்னணி

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

‘பேக்கிரவுண்ட்’ என்பது நாம் அன்றாடம் கேட்கும் ஆங்கிலச் சொல். ‘பேக்’ என்றால் பின்புறம். ‘கிரவுண்ட்’ என்றால் தரை. இரண்டும் சேர்ந்துவிட்டாலோ பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓவியத்தில் உருவத்துக்குப் பின்னே தெரியும் காட்சி அது. திரைப்படத்தில் உரையாடலுக்கு அடியில் ஒலிக்கும் இசை. ஒரு மனிதரைப் பற்றிக் கேட்டால், அவர் வளர்ந்த குடும்பமும் பெற்ற கல்வியும். நம் ஊர்ப் பேச்சில் இன்னொரு பொருளும் உண்டு. “அவனுக்கென்னப்பா, பேக்கிரவுண்ட் இருக்கு” என்றால், தூக்கிவிடப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்தக் கடைசிப் பொருளை மட்டுமே அறிந்திருந்த நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சென்ற ஆண்டு ஓர் உதவித்தொகைக்கான நேர்காணலுக்குச் சென்றிருந்தேன். “வாட் இஸ் யுவர் ஃபேமிலி பேக்கிரவுண்ட்?” என்று கேட்டார்கள். சிபாரிசு உண்டா என்கிறார்கள் போலும் என்றெண்ணி, “நோ பேக்கிரவுண்ட், சார்” என்றேன் பெருமிதத்தோடு. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், “அப்பா அம்மா என்ன செய்கிறார்கள், தம்பி?” என்று தமிழில் கேட்டார். பொருள் விளங்கியது, முகம் வியர்த்தது. “அப்பா அரிசி ஆலையில் இருக்கிறார். அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள்” என்றேன். அப்பா மூட்டை தூக்குவதை மறைத்தேன். அம்மாவைப் பற்றிச் சொன்னதோ முழுப்பொய். உதவித்தொகை கிடைக்கவில்லை. அதைவிட அந்தப் பொய்தான் இன்றுவரை உறுத்துகிறது.

இவ்வாண்டு இயற்பியல் வகுப்பில் அதே சொல் மீண்டும் வந்தது. கைகர் எண்ணியின் அருகே கதிரியக்கப் பொருள் எதையும் வைக்காவிட்டாலும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் விண்ணிலிருந்தும் வரும் கதிர்களே காரணம். “இந்தப் பின்னணி எண்ணிக்கையைக் கழித்துவிட வேண்டும்” என்றார் ஆசிரியர். நானும் அப்படித்தானே கழித்துவிட்டேன் என்று சுருக்கென்றது.

தொடர்ந்து அவர் ஒரு வரலாறு சொன்னார். 1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்னும் இருவர் ஒரு பெரிய வானலை வாங்கியில் ஓயாத இரைச்சலைக் கண்டனர். எத்திசையில் திருப்பினாலும் அது மாறவில்லை. உள்ளே கூடுகட்டிய புறாக்களை விரட்டி, எச்சத்தைத் துடைத்துப் பார்த்தும் போகவில்லை. கழித்துவிட நினைத்த அந்த இரைச்சல், பேரண்டம் தோன்றிய காலத்து வெப்பத்தின் மிச்சம் என்று பின்னர் தெரிந்தது. இன்று அதன் வெப்பநிலை ஏறத்தாழ 2.7 கெல்வின். ‘பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி’ என்பது அதன் பெயர். அதைக் கண்டதற்காக 1978இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மா அதே ஆலையில், அவித்த நெல்லை உச்சிவெயிலில் காலால் கிளறி உலர்த்துகிறார். ஆலைக்குப் பின்புறம் இருக்கிறது அந்தக் களம். பின்புறம், தரை! அந்தச் சொல்லைப் பிரித்தால் எனக்குக் கிடைக்கும் பொருள் அதுதான்.

நண்பர்களே, நம்மில் பலரும் இத்தகைய வீடுகளிலிருந்து வந்தவர்களே. இனி யார் கேட்டாலும் களத்திலிருந்தே தொடங்குவேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மலர் கைக்கு வந்ததும் இதை நானே அவருக்குப் படித்துக் காட்டுவேன்.