பரிசு பெற்ற படம்

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த மாலை அது. அச்சன்புதூரில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து நோக்கினால் மேற்கு மலை முழுவதும் மேகத்துள் மறைந்து கிடந்தது. விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனர் மகன், கல்லூரியில் உயிரியல் பயில்பவன், "மாமா, இந்தப் படத்தைப் பாருங்களேன்!" என்று கைப்பேசியை நீட்டினான்.

நூல் நூலாய்ப் பிரிந்து ஒளிரும் ஏதோ ஒரு வடிவம். நிக்கான் நிறுவனம் நடத்தும் நுண்ணோக்கிப் படப் போட்டியில் 2024-ஆம் ஆண்டின் முதற்பரிசு பெற்றதாம். அப்போட்டிக்கு அது 50-ஆம் ஆண்டு. எடுத்தவர் அமெரிக்காவின் அகஸ்டா பல்கலைக்கழக ஆய்வாளர் புரூனோ சிஸ்டெர்னா.

"எதன் படமடா இது?" என்றேன்.

"சுண்டெலியின் மூளைக்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். அவனுடைய அத்தை, என் மனைவி, எந்த நோயால் மறைந்தாள் என்பது அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. மூளைக் கட்டியின் உயிரணுக்கள்!

சொல்லக் கூச்சமாய்த்தான் இருக்கிறது, எனக்குச் சினம் மூண்டது. என் இல்லத்தை இருளாக்கிய ஒன்றுக்கு அழகுப் போட்டியா?

அந்த உயிரணுக்களை நான் முன்பே கண்டிருக்கிறேன். அறுவை முடிந்த சில நாள்களில், மருத்துவர் ஒருவரிடம் மன்றாடி, அவளுடைய திசுத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தேன். இளஞ்சிவப்புப் பரப்பில் ஊதாப் புள்ளிகள். "இந்த நிறமெல்லாம் நாங்கள் ஏற்றியதுங்க, ஐயா. ஏற்றாவிட்டால் எங்களுக்கு ஒன்றுமே தெரியாது" என்றார் அவர். ஊதாவைத் தருவது நடு அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து எடுக்கும் ஹெமடாக்சிலின் என்னும் சாயம் என்று பின்னர் படித்தேன். நெசவுத் துணிக்குச் சாயமேற்றிய மரம், நோயைக் காட்டவும் உதவுகிறது!

பரிசுப் படத்தின் வண்ணங்களும் அத்தகையனவே. உயிரணுவைத் தாங்கும் ஆக்டின் இழைகள், நுண்குழல்கள், உட்கரு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒளிரச் செய்து எடுத்திருக்கிறார்கள். நடுவர்கள் அழகை மட்டும் பார்ப்பதில்லை. படம் தரும் செய்தியையும், எடுத்தவரின் திறனையும், புதுமையையும் எடைபோடுகிறார்கள். அந்த இழைகளின் ஒழுங்கு குலைவதற்கும் அல்சைமர் போன்ற நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்பவர்களே இதனை எடுத்தார்கள் என்றும் பையன் மெதுவாகச் சொன்னான்.

1665-இல் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்ட சிற்றறைகளுக்குச் 'செல்' என்று பெயரிட்டார். துறவியர் மடத்துத் தனியறைக்கும் அதே பெயர்தான். ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கு மேற்பட்ட அறைகள் என அவர் கணக்கிட்டாராம். என்ன பொறுமை! அவளுடைய உயிரணுக்களையும் யாரோ ஒருவர் அத்தகைய பொறுமையோடு எண்ணிப் பார்த்துத்தானே அறிக்கை எழுதியிருப்பார்? அந்த அறிக்கையை நான் அன்று மடித்துப் பெட்டியில் வைத்தவன், இன்றுவரை பிரிக்கவில்லை.

பையன் கைப்பேசியை அணைக்கப் போனான்.

"இருக்கட்டும்" என்றேன். "அந்த நூல் எங்கே போய் முடிகிறது? கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டு."