யாருடைய மரக்கால்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் "அவளுக்குத் தைராய்டு இருக்குதாம்" என்பார்கள். தைராய்டு சுரப்பி எல்லோர் கழுத்திலும்தான் இருக்கிறது, ஆண்களுக்கும்கூட. ஆனாலும் பெண் பார்க்கும்போது தரகர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் சொற்களில் இதுவும் சேர்ந்துவிட்டது.

என் அண்ணன் மகளுக்குப் பிறந்த வீடு திண்டிவனம், கட்டிக்கொடுத்தது விழுப்புரத்தில். நாள் தள்ளிப்போய் ஏழாவது வாரம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்தாள். டி.எஸ்.எச். 3.4. பக்கத்தில் அச்சிட்டிருந்த இயல்பு அளவு 0.4 முதல் 4.2 வரை. யாரும் எதுவும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து விழுப்புரத்தில் வேறொரு லேப். அங்கே 2.9. எண் குறைந்திருக்கிறது. ஆனால் அங்கே அச்சிட்டிருந்த அளவு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்கு 0.1 முதல் 2.5 வரை. ஆகவே 2.9 தடித்த எழுத்தில், பக்கத்தில் 'அதிகம்' என்ற குறியோடு வந்தது. அன்று மாலையே மாமியார், "சொல்லாம கொள்ளாம தைராய்டு பொண்ண எங்க தலையில கட்டிட்டாங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாராம்.

ராத்திரி எனக்குப் போன் வந்தது. "அத்தை, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினதும் நான் நோயாளி ஆயிட்டேனா?"

நான் படித்தது தமிழ். மருத்துவம் தெரியாது, ஆனால் அளவைச் சண்டைகள் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லளக்க 'ஆடவல்லான்' என்று ஒரு மரக்கால் வருகிறது. அது 'ராஜகேசரி' என்ற மரக்காலுக்கு ஈடு என்றும் பொறித்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் மரக்கால் மாறினால் கலம் கணக்கு மாறும், யாரோ ஏமாறுவார்கள். அதனால் மரக்காலுக்குப் பெயர் வைத்து, எதற்குச் சமம் என்று கல்லில் எழுதினார்கள். ரத்தத்தில் ஹார்மோன் அளப்பவர்களும் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்று பிறகு படித்தபோது தெரிந்தது.

தைராய்டு சுரக்கும் டி4 சின்ன மூலக்கூறு. தூய பொடியாகச் செய்து, எடைபோட்டு, கரைத்து, 'இதுதான் இவ்வளவு' என்று சொல்லிவிடலாம். மூளையடியில் பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். அப்படியல்ல. அது சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதம். ஒரே ஆளின் ரத்தத்திலேயே பல வடிவங்களில் திரியும். எடைபோட முடியாததால், மனித பிட்யூட்டரியிலிருந்து எடுத்த சாரத்தைச் சிறு குப்பிகளில் அடைத்து, இதில் இத்தனை யூனிட் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவிக்கிறது. 81/565 என்ற எண்ணுள்ள குப்பி 2003இல் மூன்றாவது சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. பெயர் தெரியாத யாருடைய உடலிலிருந்தோ வந்த அந்தச் சாரம்தான் நம் ராஜகேசரி. லேப்பில் இருக்கும் கருவி அதிலிருந்து பல படி தள்ளி நிற்கிறது.

அந்தக் குப்பிக்கு ஈடு பார்த்துக்கொண்ட பிறகும் கருவிகள் ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் ஆன்டிபாடியும் டி.எஸ்.எச்.சின் வேறு வேறு வடிவத்தைக் கூடுதலாகவோ குறைவாகவோ பிடிக்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா தியன்பான்ட் தலைமையில் ஒரு சர்வதேசக் குழு ஆண்டுக்கணக்கில் இதற்காக உழைத்தது. ஒரே ரத்த மாதிரிகளைப் பல நிறுவனக் கருவிகளிலும் ஓட்டி, எல்லாவற்றின் பொதுச் சராசரிக்கு ஒவ்வொன்றையும் இழுத்துக் கட்டலாம் என்பது அவர்கள் கண்ட வழி.

ஹார்மோனை ரத்தத்தில் அளக்கவே வழி செய்தவர்களில் ஒருவர் ஒரு பெண் என்பதை என் மாணவிகளுக்குச் சொல்லாமல் விடமாட்டேன். ரோசலின் யாலோ, ஒரு பேராசிரியரின் செயலராகச் சேர்ந்தால்தான் மேற்படிப்புக்கு வழி கிடைக்கும் என்ற நிலையில் தொடங்கியவர். 1950களில் நியூயார்க்கில் சாலமன் பெர்சனோடு சேர்ந்து ஆன்டிபாடியை வைத்து இன்சுலினை அளந்தார். காப்புரிமை வாங்கவில்லை. 1977இல் நோபல்.

சரி, அளந்தாயிற்று. எது இயல்பு என்று யார் சொல்வது? என் கோபம் இங்கேதான். அந்த 2.5 அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011இல் சொன்ன எல்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் டி.எஸ்.எச். சற்று இறங்கும் என்பது உண்மை. எவ்வளவு இறங்கும் என்பது எந்த ஊர்ப் பெண்களை அளந்தோம் என்பதைப் பொறுத்தது. டெல்லியில் ஆரோக்கியமான கர்ப்பிணிகளை அளந்து 2008இல் வெளிவந்த மர்வாஹா குழுவின் ஆய்வில் முதல் மூன்று மாத அளவு 0.6 முதல் 5.0 வரை. 2017இல் அமெரிக்கச் சங்கமே 2.5ஐக் கைவிட்டு, அந்தந்த மக்களின் அளவைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஏறத்தாழ 4ஐ எல்லையாகக் கொள்ளுங்கள் என்றது. அந்தச் செய்தி விழுப்புரத்து அச்சுத்தாளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இதற்காக மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை. தைராய்டு உண்மையாகவே குறைந்திருந்து, கர்ப்பத்தில் கவனிக்காமல் விட்டால் குழந்தைக்கும் கேடு. அண்ணன் மகளின் மருத்துவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தைராய்டு ஆன்டிபாடி சோதனை எழுதினார். அது இல்லை என்று வந்தது. மாத்திரை தரவில்லை. "நாலு வாரம் கழிச்சு திரும்பப் பாரும்மா, லேப்பை மாத்தாதே" என்றார். மாமியாருக்கு அந்தத் தாளை யாரும் படித்துக் காட்டவில்லை.

இன்னொன்று. முடி கொட்டுகிறது என்று மருந்துக்கடையில் நாமே வாங்கிப் போடும் பயோட்டின் மாத்திரை சில வகைக் கிட்களில் டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இதை 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. ரத்தம் எடுக்குமிடத்தில் "வெறும் வயிறா?" என்பார்கள், இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நாம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. நெடுங்காலமாக லேப்களுக்கு மாதிரிகளை அனுப்பி, அவர்கள் அளந்த எண்ணை மற்றவர்களோடு ஒப்பிட்டுக் காட்டும் திட்டத்தை நடத்திவருகிறது. நம் தெரு லேப் அப்படி எதிலாவது சேர்ந்திருக்கிறதா? என்ன கிட்? இயல்பு அளவு யாரை வைத்துப் போட்டது? வகுப்பில் இதைச் சொன்ன மறுவாரம் ஒரு மாணவி திண்டிவனத்தில் கேட்டேவிட்டாளாம். ரத்தம் எடுத்த பெண், காலையிலிருந்து நின்றபடியே வேலை பார்ப்பவள், முறைக்கவில்லை. உள்ளே போய்க் கிட்டின் அட்டைப்பெட்டியையே எடுத்துவந்து, "நானும் இதப் படிச்சதில்ல அக்கா" என்று மேசைமேல் வைத்தாளாம். இரண்டு பேரும் சேர்ந்து படித்திருக்கிறார்கள்.