மஞ்சளுக்கு என்ன சாப்பிடுறீங்க, மாமா?

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எடோகாவா வட்டத்தில் இருக்கிறது நிஷி-கசாய். ஐ.டி. வேலைக்கு வந்த தமிழர்கள் கணிசமாகக் குடியிருக்கும் பகுதி. இந்த வாரம் அங்கே ஒரு வீட்டுக்கு மதுரையிலிருந்து போன். அக்காவிடம் தம்பி பெருமையாகச் சொல்கிறார்: "அக்கா, அரிசியை மொத்தமா நிறுத்தியாச்சு. இட்லி, தோசை, சோறு எதுவும் கிடையாது. மூணே மாசம், பத்துக் கிலோ குறைச்சுக் காட்டுறேன் பாரு." பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்திக் கேட்டாள்: "அப்போ மஞ்சளுக்கு என்ன சாப்பிடுறீங்க, மாமா?"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கேள்வி ஜப்பானியப் பள்ளிக்கூடத்துக் கணக்கு. சிறுமி படிப்பது அரசுப் பள்ளியில், மூன்றாம் வகுப்பு. மாதாமாதம் அவள் பையில் ஒரு தாள் வருகிறது. அடுத்த மாதம் எந்த நாள் மதியம் என்ன சாப்பாடு என்ற முழு அட்டவணை. சாப்பாட்டின் பெயருக்குப் பக்கத்தில், அதில் சேரும் பொருள்கள் அத்தனையையும் மூன்று நிறங்களாகப் பிரித்துப் போட்டிருக்கும். உடம்பை வளர்க்கும் மீன், முட்டை, இறைச்சி, பயறு, பால் எல்லாம் சிவப்பு. தெம்பு தரும் அரிசி, ரொட்டி, உருளைக்கிழங்கு, எண்ணெய், சர்க்கரை மஞ்சள். உடம்பைச் சீராக வைக்கும் காய், கீரை, பழம், காளான் பச்சை. மிசோ சூப்பில் மிதக்கும் நாலு துண்டு டோஃபுகூடச் சிவப்பில் பதிவாகிவிடும். கலோரிக் கணக்கும் உண்டு: எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு மதிய உணவுக்கு அரசு வைத்திருக்கும் அளவு 650.

அந்தத் தாளை எத்தனை முறை புரட்டினாலும் "கூடாது" என்று ஒரு வரி இல்லை. பொரித்த கோழி இருக்கிறது, கறி ரைஸ் இருக்கிறது, ஏதோ ஒரு நாள் ஜெல்லியும் இருக்கிறது. பொரித்த கோழி வரும் நாளில் கூடவே முட்டைக்கோஸும் ஒரு சூப்பும் வந்துவிடுகின்றன. அவ்வளவுதான் விஷயம்.

அந்த வீட்டில் ஒரு சனிக்கிழமை எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தார்கள். தட்டைப் பார்த்த மகள், "ரெண்டுமே மஞ்சள்மா" என்றாள். நம் வீடுகளில் கிழங்கு காய்கறிக் கணக்கில்தான் சேரும். காய்க்காரரிடம் வாங்குவதெல்லாம் காய். அன்று ஒரு கிண்ணம் தயிரும் நறுக்கிய வெள்ளரிக்காயும் மேசைக்கு வந்தன. வறுவலை யாரும் எடுத்து வைக்கவில்லை. அளவு மட்டும் தானாகக் குறைந்தது.

இந்த மூன்று நிறக் கணக்கை நம் சாப்பாட்டின் மேல் போட்டுப் பார்த்தால் நெஞ்சு நிமிர்கிறது. சோறு மஞ்சள். சாம்பாரில் துவரம்பருப்பு சிவப்பு, முருங்கையும் கத்தரியும் பச்சை. கூட்டில் பாசிப்பருப்பும் புடலையும், பிறகு கீரை மசியல், கடைசியில் மோர். இலையில் பரிமாறிய ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கு எந்த நாட்டு ஊட்டச்சத்து நிபுணரும் புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் அன்றாடத் தட்டில் நடந்தது வேறு. சோறு தட்டை நிறைத்துக்கொண்டது. பொரியல் ஊறுகாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய 'இண்டியாப்' (INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். நாளெல்லாம் உண்பதில் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பதும் அதே ஆய்வின் கணக்குதான். அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றிக்கொண்டு அளவைக் குறைக்காமல் விட்டால் பலனில்லை என்றும், மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்புக்கும் பால் பொருளுக்கும் மாற்றினாலே ஆபத்து குறைகிறது என்றும் அது காட்டியது. மஞ்சளில் கொஞ்சம் எடுத்துச் சிவப்பில் போடுவதுதான் இது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம்.

மதுரை மாமாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவருக்கு வேண்டியது விரதம் போல ஒன்று: முழுக்க விட்டுவிட வேண்டும், ஊருக்குத் தெரிய வேண்டும், தராசில் இறங்க வேண்டும். இறங்கும், சந்தேகமில்லை. பிறகு என்ன ஆகும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். மெல்போர்னில் ஐம்பது பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்தார்கள். சராசரியாகப் பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைந்தது. ஒரு வருடம் கழித்தும் அவர்கள் உடம்பில் பசியைத் தூண்டும் ஹார்மோன் பழைய நிலைக்கு இறங்கவில்லை; எடைதான் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. 2011-இல் வெளிவந்த ஆய்வு அது. பத்தியம் முறிந்தவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியல" என்று உறவுக்காரர்கள் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! உடம்பே எதிர்த்து நிற்கும்போது மன உறுதி எத்தனை நாள் தாங்கும்?

ஜப்பானில் இந்த வேலையைத் தனி ஆளின் மன உறுதியிடம் விடவில்லை. மதியம் பாடம் முடிந்ததும் வகுப்பில் அன்றைக்கு முறை வந்த பிள்ளைகள் வெள்ளை மேலாடை, தொப்பி, முகக்கவசம் போட்டுக்கொண்டு அண்டாவைத் தூக்கி வருகிறார்கள். அவர்களே பரிமாறுகிறார்கள். அதிகம் என்று நினைக்கும் பிள்ளை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளலாம். மிச்சம் இருந்தால் இரண்டாம் முறை கிடைக்கும். பொரித்த கோழி ஒன்றே ஒன்று மிஞ்சினால் கல்-காகிதம்-கத்தரி போட்டு வென்றவருக்கு. ஆசிரியரும் அதே வகுப்பறையில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை அந்த மேலாடை வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டுத் திங்கட்கிழமை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். தட்டில் விட்ட மிச்சத்தைச் சமையல்கூடத்தில் எடை போட்டு, எது ஒதுக்கப்பட்டது என்று பார்த்துப் பட்டியலைத் திருத்துகிறார்கள்.

ஒரு விதியை மட்டும் விரித்துச் சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளைகள் வாயில் வைப்பதற்கு முப்பது நிமிடம் முன்பே பள்ளியின் பொறுப்பாளர் ஒருவர், பெரும்பாலும் தலைமையாசிரியரே, அந்தச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாசனை, நிறம், வெந்த பதம், அந்நியப் பொருள் ஏதும் கலந்திருக்கிறதா என்று குறிப்பு எழுத வேண்டும். அதோடு முடியவில்லை. சமைக்கும் முன் ஒவ்வொரு பொருளிலும், சமைத்த பின் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஐம்பது கிராம் எடுத்துப் பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரத்துக்கும் மேல் உறைய வைக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் அன்றைய கேரட்டைத் தேடி எடுத்துச் சோதிக்கலாம். 1996-இல் சகாய் நகரத்தில் பள்ளி உணவில் ஓ-157 கிருமி பரவி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படுத்தார்கள். மூன்று சிறுமிகள் இறந்தார்கள். அதன் பிறகு இறுகிய விதிகள் இவை. நம்மூரிலும் பரிமாறும் முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ருசி பார்ப்பது வேறு. வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளோடு தினமும் அதையே சாப்பிடுவது வேறு.

சைவக் குடும்பங்களுக்கு இங்கே சிரமம்தான். குழம்பு, சூப் எதிலும் மீன் சாறு கலந்திருக்கும். டப்பா கட்டிக் கொடுத்தனுப்புகிறார்கள். ஆனால் எடோகாவா மண் நமக்கென்று ஒன்றை வைத்திருக்கிறது. கொமட்சுனா என்ற கீரை இந்த வட்டத்துக் கொமட்சுகாவா பகுதியில் பிறந்தது. பெயரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். இன்றும் வீடுகளுக்கு நடுவே பசுமைக் கூடாரம் போட்டு வளர்க்கிறார்கள். பள்ளி உணவிலும் போடுகிறார்கள். தண்டோடு பொடியாக அரிந்து, பாசிப்பருப்பில் வேகவைத்து, சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கடைந்தால் அரைக்கீரை நினைவுக்கு வந்துவிடும். நிஷி-கசாய்த் தமிழ் வீடுகளில் வாரத்துக்கு ஒரு முறையாவது அது மணக்கிறது. அரைக்கீரை இல்லைதான்; காலையில் தெருவில் கூவி வரும் கீரைக்கார அம்மாவும் இல்லை. பிள்ளைகள் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள், பள்ளியில் பழகிய கீரை என்பதால்.

ஜப்பானில் பள்ளி உணவு தொடங்கியது 1889-இல், யமகாதா மாநிலத்துச் சுருவோகாவில், ஒரு கோயிலுக்குள் நடந்த பள்ளியில். ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டை, உப்பு மீன், ஊறுகாய். சென்னையில் தியாகராய செட்டியார் காலத்து மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது 1920-இல். ஜப்பானில் பள்ளி உணவுச் சட்டம் 1954-இல் வந்தது. இரண்டே ஆண்டில் தமிழ்நாட்டில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக்கினார். பிறகு முட்டை வந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. இந்த வரலாற்றை ஜப்பானியர்களிடம் சொன்னால் வியந்து கேட்கிறார்கள். ஓடும் பந்தயத்தில் தமிழ்நாடு எந்த இடத்திலும் பின்தங்கவில்லை, ஒன்றைத் தவிர. 2005-இல் ஜப்பான் உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் போட்டது. பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பதவியையும் அதே ஆண்டு கொண்டுவந்தது. பசியாற்றப் போட்ட சாப்பாடு அன்றிலிருந்து பாடமாகவும் ஆனது.

இன்னொரு வித்தியாசம் உறுத்துகிறது. இங்கே டாக்டர் மகனும் துப்புரவுத் தொழிலாளி மகனும் ஒரே அண்டாவிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நம்மூரில் வசதி வந்ததும் சத்துணவு "அவங்க பிள்ளைங்க" சாப்பிடுவது ஆகிவிடுகிறது. தனியார் பள்ளிப் பிள்ளையின் டப்பாவில் நூடுல்ஸ், ஜாம் தடவிய ரொட்டி, சிப்ஸ் பொட்டலம். அரசுப் பள்ளியில் வாரம் ஐந்து நாளும் முட்டை. எந்தத் தட்டில் சிவப்பு இருக்கிறது என்று அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள்.

சத்துணவு மையத்தின் சுவரில் வாரப் பட்டியல் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அதையே நிறம் பிரித்து அச்சடித்து மாதாமாதம் பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்பலாம். ஒன்றியத்துக்கு ஒரு ஊட்டச்சத்து ஆசிரியரை நியமிக்கலாம். கட்டணம் வாங்கும் பள்ளிகளும் டப்பா முறையை விட்டு, ஒரே அண்டாவில் சமைத்து ஆசிரியரோடு சேர்ந்து சாப்பிடும் வழக்கத்துக்கு வரட்டும். மதுரை மாமாவின் பையன் அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்புச் சேர்கிறான். பள்ளி தேடும் வேலை அந்த வீட்டில் இப்போதே நடக்கிறது. நீச்சல் குளம் இருக்கிறதா, ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். மதியம் பிள்ளை யாரோடு உட்கார்ந்து என்ன சாப்பிடும் என்பதையும் விசாரிக்கச் சொல்லி அக்கா நேற்று மறுபடி போன் போட்டிருக்கிறார்.