ஈஸ்ட்ஹாமில் ஒரு குளிர்காலம்

பெண்ணின் பிரசவத்துக்கு லண்டன் போகிறேன் என்றதும், திருச்சியில் எங்கள் தெருவே திரண்டு வந்து யோசனை சொல்லிற்று. “பிரசவ லேகியம் கொண்டு போ”, “சுக்கு அங்கே கிடைக்காது”, “காதுக்குள் பஞ்சு வைத்துக்கொள்” என்று ஆளுக்கொன்று. கம்பளிச் சாக்ஸ் மட்டும் ஆறு ஜோடி சேர்ந்துவிட்டது! ஆனால், “அங்கே போய் ஹீட்டர் சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் ஒருமுறை யோசி” என்று யாருமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பெண்ணோடு ஒரு சண்டை மிச்சமாகியிருக்கும்.

நான் போனது 2022 அக்டோபர் கடைசியில். கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் என்ற பகுதி. ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து ஹை ஸ்ட்ரீட் நார்த் என்ற கடைத் தெருவில் நடந்தால், ‘லண்டனுக்குத்தான் வந்தோமா?’ என்று சந்தேகம் வந்துவிடும். முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாசலிலேயே அடுக்கி வைத்த மளிகைக் கடைகள், புடைவைக் கடைகள், தோசைக்கல் மணம் வீசும் ஓட்டல்கள், மகாலட்சுமி கோவில். கொஞ்சம் தள்ளி மேனர் பார்க்கில் முருகன் கோவில். எதிரே வருகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் தமிழில் பேசிக்கொண்டு போகிறார்கள்.

கடைத் தெருவை விட்டுச் சந்துக்குள் திரும்பினால்தான் இங்கிலாந்து. ரயில் பெட்டிகளைக் கோத்தாற்போல் ஒரே மாதிரி வீடுகள், தெரு முழுக்க ஒட்டி ஒட்டி நிற்கின்றன. நூறு வருஷத்துக்கு மேலான செங்கல் வீடுகள். ஒவ்வொரு கூரையிலும் புகைபோக்கி. கரி போட்டுக் கணப்பு மூட்டிய காலத்தில் கட்டியவை. இப்போது கணப்பை அடைத்துவிட்டு, காஸில் எரியும் பாய்லர் வைத்திருக்கிறார்கள். அது தண்ணீரைச் சுட வைத்து அறைக்கு அறை இரும்பு ரேடியேட்டருக்கு அனுப்பும். நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்குச் சூடு இப்படி காஸிலிருந்துதான் வருகிறது.

என் பெண் வாடகைக்கு இருந்ததும் அப்படி ஒரு வீடுதான். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு, மாடிப்படிக்குக் கீழே என்று காற்று எங்கிருந்தாவது ஊசி மாதிரி வந்து கணுக்காலைக் குத்தும்.

ஒரு ராத்திரிக்கு ஐந்தரை பவுண்டு!

சமையலறை மேடையில் அலாரம் கடிகாரம் மாதிரி ஒரு சின்னப் பெட்டி. அதில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்குக் காலையிலிருந்து எவ்வளவு பணத்துக்கு காஸும் கரண்டும் செலவாகியிருக்கிறது என்று பவுண்டு, பென்ஸ் கணக்கில் காட்டும். கெட்டிலைப் போட்டால் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். என் பெண் நிறை வயிற்றோடு அடுப்படிக்கு வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பாள். எனக்கு அது புரியவில்லை. ‘மீட்டரைப் பார்த்துக்கொண்டா குடித்தனம் நடத்துவார்கள்?’ என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த மூன்றாம் நாள் ராத்திரி குளிர் தாங்கவில்லை. என் அறை மூலையில் கிடந்த சின்ன எலெக்ட்ரிக் ஹீட்டரை ‘கால் மட்டும் காயட்டும்’ என்று போட்டேன். அப்படியே தூங்கிப் போனேன். காலையில் பெண் குரல் கேட்டு விழித்தேன்.

“அம்மா, ராத்திரி பூரா இந்த ஹீட்டர் ஓடிச்சா?”

“ஆமாண்டி, கால் விறைச்சுப் போச்சு. ஏன்?”

“அஞ்சரை பவுண்டும்மா! ஒரு ராத்திரிக்கு!”

ஒரு பவுண்டு அப்போது சுமார் நூறு ரூபாய். ஐந்நூற்றைம்பது ரூபாயை நான் தூக்கத்திலேயே செலவழித்திருக்கிறேன்! எனக்குச் சுருக்கென்றது. “பெத்தவ கால் விறைச்சுச் சாகட்டும்னா கூப்பிட்டே?” என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் வீட்டில் குளிரைவிட மௌனம்தான் அதிகம்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். விஷயத்தைத் தெரிந்துகொண்டு, பில்லையெல்லாம் எடுத்து என் முன்னால் வைத்தார்.

“அத்தை, கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் மாசம் நூத்திப் பத்து பவுண்டு கட்டினோம். இப்போ எரநூத்தி நாப்பது.”

2021-லேயே உலகமெங்கும் காஸ் விலை ஏறத் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் எகிறிவிட்டது. மின்சாரத்திலும் கணிசமான பங்கை காஸ் எரித்துத்தான் எடுக்கிறார்கள் என்பதால் அதுவும் கூடவே ஏறிற்று. சாதாரணமாக ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவு ஆகும் என்று அங்கே அரசாங்க ஆணையம் ஒரு கணக்கு வெளியிடும். அது 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் 1,971. அக்டோபரில் 3,549 ஆகியிருக்க வேண்டியது. அரசாங்கம் குறுக்கே வந்து 2,500-க்குள் நிறுத்திப் பிடித்தது. அதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டை ஆறு மாதமாகப் பிரித்துப் பில்லில் கழித்தது. அதற்கும் மேலேதான் அந்த 240!

“கரண்ட் யூனிட் 34 பென்ஸ். காஸ் யூனிட் 10 பென்ஸ்தான். நீங்க போட்ட ஹீட்டர் மணிக்கு ரெண்டு யூனிட் இழுக்கும். அதே சூட்டை ரேடியேட்டர்ல எடுத்தா மூணுல ஒரு பங்குதான் ஆகும்” என்றார்.

படிக்காதவளா நான்? ஊரில் சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது பருப்பை ஊற வைத்து வேக வைத்தவள்தானே! கணக்கைச் சொன்னால் எனக்குப் புரியாதா? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் போய்ப் பணக் கஷ்டத்தைச் சொல்வதா என்று பெண் மறைத்திருக்கிறாள். அங்கேதான் எனக்கு வலித்தது.

சிக்கனம் செய்யக் கிளம்பினேன்

மறுநாளிலிருந்து நான் கட்சி மாறிவிட்டேன். குக்கர்தான் முதல் ஆயுதம். அரிசி, பருப்பு, காய் மூன்றையும் ஒரே குக்கரில் அடுக்கி, விசில் வந்ததும் அணைத்துவிட்டால் மிச்சத்தை அதன் சூடே பார்த்துக்கொள்ளும். கெட்டிலில் எத்தனை பேருக்கு டீயோ அத்தனை டம்ளர் தண்ணீர்தான். தோசை மாவு அந்தக் குளிரில் பொங்கவே பொங்காது. பாய்லர் இருக்கும் அலமாரிக்குள் ஓரமாக வைத்தேன். மறுநாள் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஆங்கிலேயப் பாட்டி ஒருத்தி தனியாக இருந்தாள். கதவிடுக்கை அடைக்க அவள் வீட்டில் துணியால் தைத்த நீளப் பாம்பு ஒன்று கிடக்கும். பார்த்து வந்து, என் பழைய வாயில் புடைவையைக் கிழித்து, கந்தலை அடைத்து நாலு பாம்பு தைத்தேன். “1963-ல ரெண்டு மாசத்துக்கு மேல பனி உருகவே இல்லை. அப்போ காஸ் மீட்டரில் ஷில்லிங் போட்டாத்தான் அடுப்பு எரியும்” என்று பாட்டி கதை சொன்னாள். இப்போதும் அவளுக்கு முன்பணம் கட்டும் மீட்டர்தான். கட்டிய பணம் தீர்ந்தால் சூடும் தீர்ந்தது. ஒரே அறையில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நவம்பர் நடுவில் பேத்தி பிறந்தாள். சுகப் பிரசவம், மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் என் சிக்கனம் வரம்பு மீறிற்று. துணி உலர்த்தும் மெஷின் ஒரு தடவை ஓடினால் ஒன்றரைப் பவுண்டு என்று தெரிந்ததும் அதற்குத் தடை போட்டேன். குழந்தைத் துணியையெல்லாம் குழந்தை அறை ரேடியேட்டர் மேலேயே விரித்தேன். சூடு வெளியே போகக் கூடாதென்று ஜன்னலைத் திறக்கவே விடவில்லை. குழந்தைக்குக் குல்லாய், கையுறை, மேலே மூன்று போர்வை!

இரண்டு வாரம் கழித்து ஹெல்த் விசிட்டர் வந்தாள். பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தேடி வந்து பார்க்கிற நர்ஸ். நல்ல ஏற்பாடு! அவள் அறைக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்தாள். தொட்டிலை இழுத்துப் பின்னால் பார்த்தாள். சுவர் மூலையில் மிளகைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம்!

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் என்னைத் திட்டவில்லை. உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள். ஒரு கூடை ஈரத்துணியிலிருந்து சுமார் 2 லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஜன்னலும் மூடியிருந்தால் அது குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். அங்கே பூஞ்சணம் வளரும். அது பச்சைக் குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. ராச்டேல் என்ற ஊரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வீட்டுப் பூஞ்சணம்தான் காரணம் என்று விசாரணையில் முடிவு வந்தது நான் அங்கிருந்த அதே நவம்பரில்தான். அடுத்த வருஷமே இதற்காக ஒரு சட்டமும் கொண்டு வந்தார்கள்.

பிறகு குழந்தையின் குல்லாயைக் கழற்றினாள். “வீட்டுக்குள்ளே குல்லாய் வேண்டாம். குழந்தை தலை வழியாகத்தான் அதிகச் சூட்டை வெளியே விடும். அதிகக் குளிரைப் போலவே அதிகச் சூடும் ஆபத்து. தூங்கும் குழந்தைக்கு அறை 16-லிருந்து 20 டிகிரிக்குள் இருந்தால் போதும். கையையும் காலையும் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். மார்பிலோ பிடரியிலோ கை வைத்துப் பாருங்கள்” என்றாள். நாலு பிள்ளை பெற்ற எனக்கு இது புதுப் பாடம்.

அவள் போன பிறகு என் பெண் குமுறி அழுதாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் வருவதற்கு முன்னால், பகலெல்லாம் ஹீட்டரே போடாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் இருந்திருக்கிறாள்! “நான் வேலைக்குப் போகலை. ஆறு வாரம் போனா பிரசவச் சம்பளம் வாரத்துக்கு 156 பவுண்டுதான். அவர் ஒருத்தர் எவ்வளவும்மா சம்பாதிப்பார்?” என்றாள்.

“கண்ணு, நகையை விக்கலாம், ஊருக்கு வர்றதைத் தள்ளிப் போடலாம். பெத்த உடம்பும் பச்சப் புள்ளையும் மட்டும் சிக்கனத்துக்கு எடுத்துக்கிற இடம் இல்லை” என்றேன். சொல்லும்போதே, துணியை ரேடியேட்டரில் விரித்த என் கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

எதில் குறைப்பது, எதில் கூடாது?

அன்று ராத்திரி மூவரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். குழந்தை அறையும் கூடமும் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது. மற்ற அறைகளின் ரேடியேட்டர் திருகைக் குறைத்து வைத்துக் கதவைச் சாத்தினோம். பாய்லரிலிருந்து போகும் தண்ணீரின் சூட்டை மாப்பிள்ளை 60 டிகிரியாகக் குறைத்தார். அறை சூடாகக் கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் காஸ் மிச்சம். துணியெல்லாம் குளியலறையில், கதவைச் சாத்தி, காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டு உலர்த்தினோம். காலையும் மாலையும் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்தோம். பூஞ்சணத்தை மருந்து போட்டுத் துடைத்து, தொட்டிலை வெளிச்சுவரை விட்டு நகர்த்தினோம்; ரேடியேட்டர் பக்கமும் போடவில்லை. எனக்கு வெந்நீர்ப் பை.

டிசம்பர் 11 ராத்திரி பனி கொட்டியது. காலையில் தெரு முழுக்க இட்லி மாவைக் கவிழ்த்தாற்போல் வெள்ளை. அந்த வாரம் எண்கள் விறுவிறுவென்று ஓடின. நாங்கள் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டோம்!

பகலில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போவேன். அந்த வருஷம் நாடெங்கும் நூலகங்களிலும் சர்ச்சுகளிலும் ‘வந்து சூடாக உட்காருங்கள்’ என்று இடம் திறந்திருந்தார்கள். கைக்குழந்தைத் தாய்மார்கள், வீட்டுப் பாடம் எழுதும் பிள்ளைகள், பேப்பரை விரித்தபடி தூங்கும் தாத்தாக்கள் எல்லோரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியை நாலு தடவை கூப்பிட்டேன். வர மறுத்தாள். ஐந்தாம் தடவை, “குழந்தைக்கு வண்டி தள்ள ஆள் வேணும்” என்றேன். உடனே கோட்டை மாட்டிக்கொண்டாள்! மானமுள்ளவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஜனவரி 23-ம் தேதி ஒரு வேடிக்கை. சாயங்காலம் 5 மணி முதல் 6 மணி வரை மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிற வீடுகளுக்குப் பணம் தரும் திட்டம். மாப்பிள்ளை பெயர் கொடுத்திருந்தார். நாலரைக்கே சமையலை முடித்து, விளக்குகளை அணைத்து, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். “எங்க ஊர்ல கரண்டைப் பிடுங்கிக்கிட்டு ஒண்ணும் தர மாட்டான்” என்றேன். பாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். இருட்டில் நான் தாலாட்டுப் பாட, பேத்தி கண் கொட்டாமல் கேட்டாள். அந்தக் குளிர்காலத்திலேயே கதகதப்பான ஒரு மணி நேரம் அதுதான்.

மார்ச் மாதம் ஊர் திரும்பினேன். அங்கே விலை பிறகு மெல்ல இறங்கியது. 2024 ஜூலையில் அந்த வருஷக் கணக்கு 1,568 பவுண்டு. ஆனாலும் 2021-ல் இருந்த 1,277-க்கு அது வரவில்லை. பேத்தி இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். போனில் பேசும்போது, நான் முதலில் கேட்பது “சாப்பிட்டியா?” என்று இல்லை. “அறையிலே எத்தனை டிகிரிடீ?” என்றுதான்.

“பதினெட்டும்மா” என்பாள் என் பெண். அதைக் கேட்டால்தான் எனக்கு இங்கே ஃபேன் காற்றில் தூக்கம் வருகிறது.