நீருக்குள் இருப்பது யார்?

பேய்ப்படம் என்று சொன்னதும் உங்களில் பாதிப்பேர் ஹாலிவுட்டுக்குப் போய்விடுவீர்கள். மீதிப்பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்லப்போவது ஆஸ்திரேலியாவில், அந்நாட்டுப் பழங்குடி மக்களின் கதைகளை எடுத்துக்கொண்டு, குறைந்த காசில் எடுத்த பூதப்படங்களைப் பற்றி.

ரப்பர் முதலை, குளத்துக்குள்ளிருந்து குமிழி விடும் ஏதோ ஒன்று, இருட்டில் நிற்கும் வெளுத்த உருவம்... இந்த மாதிரிப் படங்கள் என்றால் எனக்குத் தனிப் பிரியம். பரீட்சை முடிந்த ராத்திரிகளில் ஹாஸ்டலில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்ப்போம். பூதம் வந்தால் பயம் வராது, சிரிப்புத்தான் வரும். "டேய், முதலைக்கு கிரீஸ் போடச் சொல்லுடா, தாடை திறக்க மாட்டேங்குது!" என்று ஒருத்தன் கத்துவான். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் சிரிப்பு அடங்கின பிறகு ஒரு கேள்வி மட்டும் நிற்கும். இந்தப் பூதம் யாருடையது? அதை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள்?

*

முதலில் 'பன்யிப்' என்ற பூதத்தைச் சொல்கிறேன். சதுப்பிலும் குளத்திலும் இருப்பதாகச் சொல்லப்படும் மிருகம் அது. விக்டோரியா மாநிலப் பகுதியின் வெம்பா வெம்பா மொழிச் சொல். 1845-ல் வெள்ளைக்காரர்களின் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுத ஆரம்பித்தன. 1847-ல் 'பன்யிப்பின் மண்டையோடு' என்று ஒன்றை சிட்னி மியூசியத்தில் வைத்தார்கள். ஜனங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் அது உருக்குலைந்து பிறந்த ஒரு கால்நடைக் குட்டியின் மண்டையோடு என்று தெரிந்தது! ஆக, பூதத்தை மட்டும் கிள்ளியெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் வேலை சினிமா வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

பழங்குடி மக்களுக்கு அது கண்ணாடிப் பெட்டிச் சரக்கு அல்ல. அவர்களுடைய நம்பிக்கைக்கு ஆங்கிலத்தில் 'ட்ரீமிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தூக்கத்தில் வரும் கனவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆதி மூதாதையர் நிலத்தின் மேல் நடந்து மலையையும் ஆற்றையும் உண்டாக்கினார்கள். 'இங்கே இப்படி நடந்துகொள்' என்று விதியும் வைத்தார்கள். அது இன்றும் நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த நம்பிக்கை. 1788-ல் வெள்ளையர் குடியேறியபோது அங்கே 250-க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதனதன் நிலம், அதனதன் கதை. எந்தக் கதையை யார் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பதற்கும் முறை உண்டு.

'அந்தக் குளத்தில் ஒன்று இருக்கிறது, தனியாகப் போகாதே' என்றால் குழந்தைக்கும் காவல், குளத்துக்கும் காவல். பூதம் என்பது அந்த நீர்நிலையின் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

*

சரி, படங்களுக்கு வருவோம். 1981-ல் ஆஸ்திரேலிய அரசு ஒரு வரிச்சலுகை கொண்டுவந்தது. சட்டத்தில் அந்தப் பிரிவின் பெயர் 10-பி-ஏ. படத்தில் 100 டாலர் போட்டால், வரிக்குரிய வருமானத்தில் 150 டாலரைக் கழித்துக்கொள்ளலாம். பல் டாக்டரும் வக்கீலும்கூடத் தயாரிப்பாளர் ஆகலாம் என்று ஆனால் என்ன நடக்கும்? படங்கள் குவிந்தன. பிறகு சலுகையைப் படிப்படியாகக் குறைத்து 1988-ல் 100 சதவீதம் ஆக்கினார்கள். நான் சொல்லப்போகும் எண்பதுகளின் பூதப்படங்கள் இந்தப் பணம் புழங்கிய காலத்தவை.

நம் மெக்கானிக்கல் நண்பர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது 1986-ல் வந்த 'ஃபிராக் ட்ரீமிங்'. இயக்குநர் பிரையன் ட்ரென்சார்ட்-ஸ்மித். 'இ.டி.' படத்தில் நடித்த பையன் ஹென்றி தாமஸ்தான் கதாநாயகன். கைவிடப்பட்ட கல்குவாரியில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. அதற்குள் 'டாங்கெஜின்' என்ற பூதம் இருப்பதாகப் பேச்சு. பையன் விடாமல் ஆராய்கிறான். கடைசியில் என்ன தெரியுமா? மூழ்கிக் கிடந்த பழைய இரும்பு இயந்திரம்! பாரம் இழுக்கும் சிறிய நீராவி எஞ்சினுக்கு 'டாங்கி எஞ்சின்' என்று பெயர். அதுதான் வாய்க்கு வாய் திரிந்து 'டாங்கெஜின்' ஆயிற்று. நான் எழுந்து நின்று கைதட்டிய இடம் இது. ஆனால் ஒன்று கவனியுங்கள். பழங்குடிக் கதை என்று நம்மை அழைத்துப்போய், வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்பைக் காட்டுகிறது படம். தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, உண்மையான விஷயம்தான்! குவாரி தோண்டியவன் போய்விட்டான். பூதம் என்ற பழி உள்ளூர்க் கதையின் தலையில்.

1988-ல் வந்த 'கடைச்சா' நேர் எதிர். பழங்குடியினரின் புதைநிலத்தின் மேல் புதுக் குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள். அங்கே வாழும் இளவட்டங்கள் கனவு கண்டு விழித்தால் பக்கத்தில் ஒரு கல் கிடக்கும். கல் வந்தால் சாவு வரும். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் புதைநிலம் யாருடையது, அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பது படத்துக்கு ஒரு சாக்குத்தான். சாபம் வேண்டும், சபித்தவன் கதை வேண்டாம்!

*

என் மனசுக்கு நெருங்கிய படம் 1987-ல் வந்த 'டார்க் ஏஜ்'. ஆர்ச் நிக்கல்சன் இயக்கியது. கிரஹாம் வெப் என்ற முதலை விஞ்ஞானி எழுதிய 'நுமுன்வாரி' நாவல்தான் மூலம். சுமார் 25 அடி நீளமுள்ள முதலை ஆட்களைத் தின்கிறது. ஒரு குழந்தையைக்கூட விழுங்கிவிடுகிறது. மற்ற நாட்டுப் படமாக இருந்தால் மேலே சொல்ல வேண்டியதில்லை. ஹீரோ துப்பாக்கியோடு வருவான், முதலை வெடித்துச் சிதறும், சுபம். இங்கே பழங்குடிப் பெரியவர் குறுக்கே நிற்கிறார். அது அவர்களுடைய மூதாதை, கொல்லக்கூடாது என்கிறார். காட்டிலாகா அதிகாரியும் அவர்களோடு சேர்ந்து அதை உயிரோடு பிடித்து, ஆள் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகப் பாடுபடுகிறார். பூதத்தைக் காப்பாற்றுவதற்காக சேஸிங் வைத்த பூதப்படம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

முதலை விறைப்பாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். காசில்லாத படத்தின் தந்திரமெல்லாம் இதில் உண்டு. மிருகத்தைக் காட்டாமல் தண்ணீரைக் காட்டுவது, ராத்திரியில் படம் பிடிப்பது, வாலை மட்டும் காட்டிவிட்டு வெட்டிவிடுவது. ஆனால் அந்தப் பெரியவராக வரும் பர்னம் பர்னமும், கூட வரும் டேவிட் குல்பிலிலும் பழங்குடி மக்கள். அவர்கள் அந்த ரப்பரைப் பார்க்கும் பார்வையில் பயமில்லை, மரியாதை இருக்கிறது. நானும் அங்கே சிரிப்பை நிறுத்தினேன்.

இது வெறும் கற்பனையும் இல்லை. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு உவர்நீர் முதலைகள் சில ஆயிரங்களாகக் குறைந்தபோது, 1971-ல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டார்வின் நகருக்குத் தெற்கே ஃபின்னிஸ் ஆற்றில் 'ஸ்வீட்ஹார்ட்' என்ற 5.1 மீட்டர் முதலை எழுபதுகளில் படகுகளின் மோட்டாரைக் கடித்துக் குதறியது. மனிதரை ஒன்றும் செய்யவில்லை. 1979-ல் அதை உயிரோடு இடம் மாற்றப் பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்துப் பிடிக்கும்போது தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போனது. இன்று அதன் உடல் டார்வின் மியூசியத்தில். நிஜத்தில் தோற்ற காரியத்தைத்தான் அந்த மலிவுப் படம் ஆசைப்பட்டுப் பார்க்கிறது.

*

இதுவரை சொன்ன படங்களை இயக்கியவர்கள் வெள்ளையர்கள். கேமரா பழங்குடி மக்கள் கைக்கு வந்தபோது பூதத்தின் முகமே மாறிவிட்டது.

1993-ல் ட்ரேசி மொஃபட் 'பிடெவில்' எடுத்தார். பழங்குடிப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. மூன்று பேய்க்கதைகள். முதல் கதையில் பேய், சதுப்பில் மூழ்கிய ஓர் அமெரிக்க சிப்பாய்! அந்தச் சதுப்பின் மேலேயே சினிமா தியேட்டர் கட்டுகிறார்கள். 2019-ல் ஐந்து பழங்குடி இயக்குநர்கள் ஆளுக்கொரு கதையாக 'டார்க் பிளேஸ்' எடுத்தார்கள்.

ஜான் பெல் 2020-ல் குறும்படமாக எடுத்து, 2024-ல் முழுப்படமாக்கிய 'தி மூகாய்' என்னைத் தூங்கவிடவில்லை. மூகாய் என்றால் பண்ட்ஜலுங் மொழியில் பேய், பூச்சாண்டி மாதிரி. குழந்தையைத் தூக்கிப்போக வருகிறது. தாயாகிய சாரா வக்கீல். வெள்ளைக்காரக் குடும்பத்தில் வளர்ந்தவள். பெற்ற தாய் எச்சரித்தும் நம்பமாட்டேன் என்கிறாள்.

இதில் கதை எங்கே முடிகிறது, சரித்திரம் எங்கே தொடங்குகிறது? 1910 முதல் 1970 வரை பழங்குடிக் குழந்தைகளை அரசாங்கமே தாயிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்றது. பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை என்று 1997-ல் வெளியான விசாரணை அறிக்கை கணக்கிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். குழந்தை திருடும் பூதம் அங்கே காக்கிச் சட்டை போட்டு, காகிதத்தில் கையெழுத்தோடு வந்தது. அதை நேரில் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் எடுக்கும் படத்தில் நட்டும் போல்ட்டும் யார் கண்ணுக்குத் தெரியும்?

அதனால்தான் சொல்கிறேன், காசு குறைவு என்பது ஒரு குறையே இல்லை. 'டார்க் ஏஜ்' முதலைக்கும் 'கடைச்சா' கல்லுக்கும் செலவு மலிவுதான். ஒன்று குளத்தின் விதியையும் சேர்த்து எடுத்துவந்தது. மற்றொன்று பூதத்தை மட்டும் தூக்கிவந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்மில் சிலர் செல்போனில் குறும்படம் எடுக்கிறோம். அடுத்த வருஷம் யாராவது பேய்க்கதை எடுத்தால் என்னையும் கூப்பிடுங்கள். முதலைத் தாடைக்கு கியர் நான் செய்து தருகிறேன். ஆனால் ஸ்கிரிப்டைக் கையில் வாங்கியதும் முதலில் ஒன்று கேட்பேன்: "மச்சான், இந்தப் பேய் எந்த ஊர்ப் பேய்? அங்க இருக்கறவங்க கிட்ட கேட்டியா?"

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை