வில்லன் கையில் இருந்த மரம்

ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரக்கோலின் மரத்துக்குத் தனிக் குணம் உண்டு. யாரிடம் போய்ச் சேர்வது என்பதையும் கோலே முடிவு செய்யும். ஹாரிக்குக் கிடைப்பது 11 அங்குல ஹோலி மரக்கோல். அவன் பெற்றோரைக் கொன்ற வோல்டமோர்ட்டிடம் இருப்பதோ பதின்மூன்றரை அங்குல யூ மரக்கோல். இரண்டுக்குள்ளும் ஒரே ஃபீனிக்ஸ் பறவையின் இறகுகள்தான். மரம் மட்டுமே வேறு.

வில்லனுக்கு யூ மரம் பொருத்தம்தான். பிரிட்டனில் பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் மரம் அது. இலையும் விதையும் நஞ்சு. மேய்ந்த மாடு செத்துப்போகும். ஆனால் மரமோ ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். பிறரைக் கொன்றாவது தான் சாகாமல் இருக்க நினைத்தவனுக்கு வேறு எந்த மரம் சரிவரும்?

இந்த ஆண்டு என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தின் பெயர் டோசிடாக்சல். ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு உருவாக்கப்பட்ட மருந்து அது. வீட்டில் இதைச் சொன்னதும், அந்தக் கதைகளில் மூழ்கிக் கிடக்கும் என் மகளின் முகம் மாறிவிட்டது. "வோல்டமோர்ட் மரமா? பெரியம்மாவுக்கு அது வேணாம்மா" என்றாள்.

அவளை உட்காரவைத்து, தெரிந்ததைச் சொன்னேன். 1962இல் அமெரிக்காவில் பசிபிக் யூ மரத்தின் பட்டையை ஆய்வுக்காகச் சேகரித்தார்கள். அதிலிருந்து புற்றுநோய்க்கு எதிரான ஒரு பொருளை மன்றோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி ஆகிய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். அதுதான் பேக்லிடாக்சல். கருப்பைப் புற்றல்ல, சினைப்பைப் புற்றுநோய்க்கு 1992இல் அங்கே அனுமதி கிடைத்தது. பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். இலையைப் பறித்தால் மீண்டும் துளிர்க்கும். இலையிலிருந்து மருந்து செய்யக் கற்றபோது மரமும் பிழைத்தது.

இந்த மருந்துகள் செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கின்றன. புற்றுநோய்ச் செல்லையும் தடுக்கும், முடி வேரில் இருக்கும் நல்ல செல்லையும் தடுக்கும். பெரியம்மாவின் முடி கொட்டியது அதனால்தான் என்றேன். எதையும் மறைக்கவில்லை.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்போ வோல்டமோர்ட் நினைச்சிருந்தா, அந்தக் கோலால யாரையாவது காப்பாத்தியிருக்கலாம்ல?"

காப்பாற்றியிருக்கலாம். அடுத்த வியாழன் அக்காவுக்கு நான்காவது தடவை மருந்து ஏற்றுகிறார்கள். தானும் வருவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.