எண்ணூர் அத்தை

பட்டணம் போவதென்றால் எனக்கு முதல் கவலை ஜாகைதான். மாம்பலத்து விடுதியில் ஒரு நாள் வாடகை, ஊரில் எங்கள் ஒரு வாரத்து மளிகைக் கணக்கு! எண்ணூரில் அத்தை இருக்கிறாள். "ரொம்ப தூரம் அத்தை" என்று சாக்குச் சொல்லி வந்தேன். 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தபின் அந்தச் சாக்கும் பாதி போயிற்று. ஆலைக் காற்றுக்குப் பயந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மறுநாள் மாம்பலத்து அறையில் செய்தியைப் பார்த்தவன் பதறிப்போய் டெலிபோன் செய்தேன்.

"கண் எரிச்சல்தானப்பா. ராத்திரி எல்லோரும் தெருவில்தான் நின்றோம். நீ எங்கிருந்து பேசுகிறாய்?"

"ஊரிலிருந்து" என்றேன்.

அடுத்த தடவை நேரே விம்கோ நகரில் இறங்கி, பஸ் பிடித்துப் போனேன். அத்தை கதவைத் திறந்தாள்.

"ஏன், மாம்பலத்தில் அறை கிடைக்கவில்லையா?" என்றாள்.